புற்றுநோய் சிகிச்சைக்குப் பிறகு குழந்தை: எதை முதலில், எதை அப்புறம்

எனக்கு 24 வயதில் இடது பக்க ஓவரியில் கட்டி வந்தது. ஆபரேஷன், மூன்று சுற்று கீமோ, மூன்றரை வருடம் கழித்து ஒரு பெண் குழந்தை. அதற்குப் பிறகு காரிமங்கலம், பாலக்கோடு, ஊத்தங்கரைப் பக்கமிருந்து தெரிந்தவர் சொல்லி வந்த பெண்களோடு, ஃபைலைத் தூக்கிக்கொண்டு சேலத்துக்கும் பெங்களூருக்கும் பலமுறை பஸ் ஏறியிருக்கிறேன்.

நான் டாக்டர் இல்லை. ஆனால் எந்த இடத்தில் ஆட்கள் தடுமாறுகிறார்கள் என்று தெரியும். முக்கால்வாசிப் பேர் வரிசையைத்தான் தலைகீழாக்குகிறார்கள். நேராகக் கருத்தரிப்பு மையத்துக்குப் போய், காசைக் கட்டி, அப்புறம்தான் பழைய ஆபரேஷன் காகிதத்தைத் தேடுகிறார்கள்.

1. சிகிச்சை இன்னும் ஆரம்பிக்கவில்லை என்றால், முதலில் இது

கர்ப்பப்பை வாய், கர்ப்பப்பை, ஓவரி இவற்றில் எங்கே புற்றுநோய் என்று சொன்னாலும், ஆபரேஷன் தேதி குறிக்கும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: "எனக்குக் குழந்தை வேணும், அதுக்கு இடம் வச்சு சிகிச்சை செய்ய முடியுமா?" கேட்காவிட்டால் சில டாக்டர்கள் தாமாகச் சொல்வதில்லை. ஏற்கெனவே ஒரு குழந்தை இருப்பவரிடம் பேச்சே எடுக்க மாட்டார்கள்.

ஆரம்ப நிலையில் வழிகள் உண்டு. கர்ப்பப்பை வாயில் மிகச் சிறிய புற்று என்றால் கூம்பு வடிவில் அந்தச் சதையை மட்டும் வெட்டி எடுப்பார்கள். 2 சென்டிமீட்டருக்குள் இருந்தால், தகுந்தவர்களுக்கு, கர்ப்பப்பையை விட்டுவிட்டு வாய்ப்பகுதியை மட்டும் எடுக்கும் டிராக்கலெக்டமி செய்வார்கள். ஓவரியில் ஒரு பக்கம் மட்டும் என்றால் அந்தப் பக்கத்தை எடுத்து மற்றதை விடலாம். கர்ப்பப்பை உள்சுவரில், தசைக்குள் இறங்காத, வீரியம் குறைந்த புற்றுக்கு ப்ரோஜெஸ்டிரான் வகை ஹார்மோன் கொடுத்துப் பார்ப்பார்கள்.

கரண்ட் வைக்கப்போகிறார்கள், அதாவது கதிர்வீச்சு தரப்போகிறார்கள் என்றால், ஓவரியை அடிவயிற்றிலிருந்து மேலே தூக்கித் தைத்துவிட முடியுமா என்று கேளுங்கள். கர்ப்பப்பை வாய்க்கு 45 முதல் 50 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) வரை வெளியிலிருந்து கொடுப்பார்கள். ஓவரியின் கருமுட்டையில் பாதியை அழிக்க 2 கிரே கூட வேண்டாம்.

முட்டையை எடுத்து உறையவைக்க 10 முதல் 14 நாள் ஊசி போட வேண்டும். மாதவிலக்கு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை, எந்த நாளிலும் தொடங்கலாம். அந்த இரண்டு வாரத்தை நோய் தாங்குமா என்பதைப் புற்றுநோய் டாக்டர்தான் சொல்ல வேண்டும். அவர் வேண்டாம் என்றால் மல்லுக்கட்ட வேண்டாம்.

2. ஃபைலைத் திரட்டுங்கள்

சிகிச்சை முடிந்தவர்களுக்கு வேலை இங்கே தொடங்குகிறது. நான்கு காகிதம் வேண்டும்: ஆபரேஷன் நோட், சதைப் பரிசோதனை ரிப்போர்ட், கீமோ மருந்தின் பெயரும் அளவும் உள்ள தாள், கரண்ட் வைத்திருந்தால் அதன் சுருக்கம்.

டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் போதாது. அது ஒரு பக்கச் சுருக்கம், அதுவும் அவசரத்தில் அடித்தது. என் சம்மரியில் வலது ஓவரியை எடுத்ததாக இருந்தது. ஆபரேஷன் நோட்டில் இடது. எது சரி என்று எழுதி வாங்க இரண்டு நாள் ரெக்கார்டு அறை வாசலில் உட்கார்ந்தேன். அப்போது பார்க்காமல் விட்டிருந்தால், பிற்பாடு வயிற்றை ஸ்கேன் செய்யும் ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்லியிருப்பார்கள்.

சிகிச்சை பெங்களூர் கித்வாயிலோ, வேலூரிலோ, சென்னை அடையாறிலோ நடந்திருந்தால், அடுத்த செக்கப்புக்குப் போகும் நாளிலேயே ரெக்கார்டு பிரிவில் மனு கொடுத்துவிடுங்கள். இதற்கென்று தனியாக ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் போக வேண்டாம். மருத்துவமனை எண் உள்ள அட்டையைக் கட்டாயம் எடுத்துப்போங்கள். அது இல்லாமல் பெயரை மட்டும் சொன்னால் அதே பெயரில் இருபது பேர் வருவார்கள்.

எல்லாவற்றையும் இரண்டு செட் ஜெராக்ஸ் எடுங்கள். செல்போனிலும் ஒரு போட்டோ. அசல் வீட்டிலேயே இருக்கட்டும்.

3. உடம்பில் எது மிச்சம் என்று ஒரு தாளில் எழுதுங்கள்

"கட்டிய எடுத்துட்டாங்கக்கா, அவ்ளோதான் சொன்னாங்க." இதைச் சொல்லாத பெண்ணை நான் பார்த்ததில்லை. கர்ப்பப்பை இருக்கிறதா என்று கேட்டால் வீட்டுக்காரர் முகத்தைப் பார்ப்பார்கள். அவர் மாமியாரைப் பார்ப்பார். கையெழுத்துப் போட்டவர் மாமனார், அவர் ஊரில் இருப்பார்.

ஆபரேஷன் நோட்டில் எழுத்துகள் சுருக்கமாக இருக்கும். டி.ஏ.ஹெச். என்றால் கர்ப்பப்பையை எடுத்தாயிற்று. பி.எஸ்.ஓ. என்றால் இரண்டு ஓவரியும் குழாயும் போயிற்று. யு.எஸ்.ஓ. என்றால் ஒரு பக்கம் மட்டும். அர்த்தம் புரியாவிட்டால் உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரிடம் காட்டினாலே படித்துச் சொல்வார். இதற்கு ஸ்பெஷலிஸ்ட் தேவையில்லை.

தாளில் நான்கு கேள்வி எழுதுங்கள். கர்ப்பப்பை இருக்கிறதா? அதன் வாய் இருக்கிறதா? ஓவரி எத்தனை, எந்த இடத்தில்? அடிவயிற்றுக்குக் கரண்ட் வைத்தார்களா?

கர்ப்பப்பை இருந்து, ஒரு ஓவரியாவது இருந்து, கரண்ட் வைக்காதவர்கள் இயல்பாகவே கருத்தரிக்கலாம். ஒரு ஓவரி போனால் ஒரு மாதம் விட்டு ஒரு மாதம்தான் முட்டை வரும் என்பார்கள். தவறு. மிச்சமிருப்பது அந்த வேலையையும் சேர்த்துச் செய்கிறது. எனக்கே மாதாமாதம் ஒழுங்காக வந்தது.

கர்ப்பப்பை வாய்ப் புற்றுக்கு முழு அளவு கரண்ட் வைத்தவர்களுக்குக் கர்ப்பப்பை உள்ளே இருந்தாலும் குழந்தையைத் தாங்காது. உள்சுவரும் தசையும் விறைத்துப்போகும், இரத்த ஓட்டம் குறையும். ஸ்கேனில் "கர்ப்பப்பை தெரிகிறது" என்று வந்ததை நம்பி இரண்டு வருடம் மாத்திரை சாப்பிட்டவரைத் தெரியும். இவர்கள் நேராக 7-ஆம் பகுதிக்குப் போகலாம்.

ஓவரியை மேலே தூக்கித் தைத்தவர்கள் இன்னொரு குழப்பத்தில் மாட்டுவார்கள். அரூர்ப் பக்கத்துப் பெண் ஒருவருக்கு உள்ளூர் ஸ்கேனில் "இரு ஓவரியும் காணவில்லை" என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். வீட்டில் இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. ஆபரேஷன் நோட்டை எடுத்துப் பார்த்தால், ஓவரியை விலா எலும்புக்குக் கீழே பக்கவாட்டில் தைத்திருக்கிறார்கள். அடிவயிற்றில் தேடினால் எப்படிக் கிடைக்கும்? ஸ்கேன் மேசையில் படுப்பதற்கு முன்பே இதைச் சொல்லிவிடுங்கள்.

4. புற்றுநோய் டாக்டரிடம் 'சரி' வாங்குங்கள்

நோய் அடங்கியிருக்கிறது, இப்போது கருத்தரிக்கலாம் என்று அவர் ஃபைலில் எழுத வேண்டும். வாயால் சொன்னால் போதாது. அடுத்து பார்க்கப்போகும் எல்லா டாக்டரும் கேட்கும் முதல் கேள்வி இதுதான்.

எவ்வளவு நாள் காத்திருப்பது என்பது நோயைப் பொறுத்தது. பக்கத்து வீட்டுக்காரருக்குச் சொன்ன கணக்கு உங்களுக்கு ஆகாது.

கீமோ முடித்தவர்களைப் பொதுவாகக் குறைந்தது ஒரு வருடம் காத்திருக்கச் சொல்வார்கள். மருந்து பட்ட நேரத்தில் வளர்ந்துகொண்டிருந்த முட்டைகள் கழிந்து புது முட்டைகள் முதிர்ந்து வர மாதக்கணக்காகும். ஓவரிப் புற்றில் சிலரை இரண்டு வருடம் வரை பொறுக்கச் சொல்வதற்குக் காரணம் வேறு: நோய் திரும்புவதானால் ஆரம்ப வருடங்களில்தான் அதிகம்.

டிராக்கலெக்டமி ஆனவர்களுக்கு 6 முதல் 12 மாதம். தையல் ஆறி, செக்கப் சுத்தமாக வர வேண்டும். இவர்களில் சிலருக்குத் தீட்டு சொட்டுச் சொட்டாக, கடும் வலியோடு வரும். வழி சுருங்கிப்போனதன் அடையாளம் அது. குழந்தை தங்காததற்கும் அதுவே காரணமாகலாம். வெட்கப்படாமல் சொன்னால் வழியை விரித்துவிடுவார்கள்.

முத்துப்பிள்ளை கர்ப்பம் (கருவுக்குப் பதில் கர்ப்பப்பைக்குள் முத்து முத்தாகச் சதை வளர்வது) புற்றாக மாறி கீமோ எடுத்தவர்கள், கடைசி ஊசியிலிருந்து 12 மாதம் கர்ப்பம் ஆகவே கூடாது. நோய் திரும்புகிறதா என்பதை ஹெச்.சி.ஜி. இரத்தப் பரிசோதனையில்தான் பார்க்கிறார்கள். கர்ப்பமானாலும் அதே ஹெச்.சி.ஜி. ஏறும். எது எதனால் என்று பிரிக்க முடியாமல் போய்விடும். அந்த ஒரு வருடம் முழுக்கத் தடுப்பு முறை வேண்டும். "கீமோ போட்டாச்சு, எங்க தங்கப்போவுது" என்று அசட்டையாக இருந்து மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. தீட்டு நின்றிருந்தாலும் முட்டை வரலாம்.

கர்ப்பப்பை உள்சுவர்ப் புற்றுக்கு ஹார்மோன் எடுத்தவர்கள் கதை நேர் எதிர். 3 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறை உள்ளே கேமரா விட்டுச் சதை எடுத்துப் பார்ப்பார்கள். நோய் மறைந்தது என்று வந்ததும் உடனே முயற்சி செய்ய வேண்டும், தேவைப்பட்டால் நேராகச் சோதனைக்குழாய் முறைக்கே போக வேண்டும். நாள் ஆக ஆக நோய் திரும்பும் வாய்ப்பு கூடும். "உடம்பு தேறட்டும், ரெண்டு வருஷம் போகட்டும்" என்று பெரியவர்கள் நல்ல எண்ணத்தில்தான் சொல்வார்கள். இந்த ஒரு நோயில் அது கெடுதல்.

5. பரிசோதனைகள், செலவு குறைந்ததிலிருந்து

முதலில் கணவருடைய விந்துப் பரிசோதனை. செலவு குறைவு, வலி கிடையாது, ஆனால் எங்கள் பக்கம் இதுதான் கடைசியில் நடக்கும். ஆள் பெங்களூரில் கட்டட வேலையில் இருப்பார், தீபாவளிக்கு வருவார், அப்போது லேப் மூடியிருக்கும். முன்கூட்டியே நாள் குறியுங்கள். 2 முதல் 7 நாள் இடைவெளி விட்டுக் கொடுக்க வேண்டும். பெண்ணுக்குப் புற்றுநோய் வந்ததால் குறை அவளிடம்தான் என்று முடிவுகட்டி, இரண்டு வருடம் கழித்து இவருக்கு அணுக்கள் இல்லை என்று தெரிந்த வீடும் உண்டு.

அடுத்து இரத்த அளவு, சர்க்கரை, தைராய்டு, பிரஷர். சோகை இருந்தால் இப்போதே சரிசெய்யுங்கள், கர்ப்பத்தில் அது இன்னும் கீழே போகும். இரும்புச்சத்து மாத்திரையை டீயோடு விழுங்காதீர்கள், டீ அதை உடம்பில் சேரவிடாது. ஃபோலிக் அமில மாத்திரை கருத்தரிக்கும் முன்பிருந்தே வேண்டும். மெத்தோட்ரெக்ஸேட் என்ற கீமோ மருந்து எடுத்தவர்கள் அதை டாக்டரிடம் சொல்லி அளவைக் கேளுங்கள்.

கீமோ மருந்தின் பெயரை ஏன் எழுதி வைக்கச் சொன்னேன் என்பது இங்கே தெரியும். டாக்ஸோரூபிசின் போட்டவர்களுக்கு இதய எக்கோ வேண்டும். சிஸ்பிளாட்டின் என்றால் சிறுநீரகப் பரிசோதனை. பிளியோமைசின் என்றால் நுரையீரல், அதோடு எந்த ஆபரேஷனுக்கும் முன் மயக்க டாக்டரிடம் சொல்ல வேண்டும். அதிக ஆக்சிஜன் கொடுப்பதில் அவர் கவனமாக இருப்பார். எனக்குச் சிசேரியன் மேசையில் படுத்த பிறகுதான் நினைவு வந்தது. கத்தியே சொன்னேன்.

ஏ.எம்.ஹெச். என்பது ஓவரியில் முட்டை இருப்பைக் காட்டும் இரத்தப் பரிசோதனை, எந்த நாளிலும் எடுக்கலாம். ஆனால் கீமோ முடிந்த கையோடு எடுத்து அழ வேண்டாம். அப்போது தரைமட்டத்தில் இருக்கும், மாதங்கள் போகப் போக ஓரளவு ஏறலாம். அந்த எண் குறைவாக வந்தால் ஊசி போட்டால் கிடைக்கும் முட்டை குறைவு என்று பொருள். தானாகத் தங்காது என்று பொருளில்லை.

குடும்பத்தில் இன்னொருவருக்கு ஓவரி, மார்பு, குடல், கர்ப்பப்பை உள்சுவர் இவற்றில் புற்று வந்திருந்தால் மரபணு ஆலோசனை கேளுங்கள். மாமன் மகன், அத்தை மகன், சொந்த மாமன் என்று கட்டியவர்களுக்கு இது இன்னும் முக்கியம். ஒரே பரம்பரைக் கோளாறு இருவரிடமும் இருந்தால் குழந்தைக்கு இரண்டு பக்கமிருந்தும் போய்ச் சேரலாம். இதைக் கேட்கும்போது மாமியார் பக்கத்தில் வேண்டாம். என் அனுபவம் அப்படி.

6. கருத்தரிப்பு மையம்

இப்போதுதான் இங்கே வர வேண்டும். எல்லாம் ஒழுங்காக இருந்தால் ஆறு மாதம் இயல்பாக முயன்று பாருங்கள். ஓவரி போனவர்கள், கீமோ எடுத்தவர்கள் மற்றவர்களைப் போல ஒரு வருடம் காத்திருக்க வேண்டாம். முட்டைகள் சீக்கிரம் தீர்ந்துபோகக் கூடும்.

2021-இல் வந்த சட்டப்படி ஒவ்வொரு மையமும் பதிவு செய்திருக்க வேண்டும். முதல் நிலைப் பதிவு உள்ள இடத்தில் விந்தணுவைக் கர்ப்பப்பைக்குள் செலுத்துவது மட்டும்தான் செய்யலாம். சோதனைக்குழாய் முறைக்கு இரண்டாம் நிலைப் பதிவு வேண்டும். சான்றிதழ் சுவரில் இருக்கும், போய்ப் படியுங்கள். சிகிச்சை பெற பெண்ணுக்கு 21 முதல் 50, ஆணுக்கு 21 முதல் 55 வயது.

முதல்வர் காப்பீட்டு அட்டை புற்றுநோய் சிகிச்சைக்குக் கைகொடுக்கும். கருத்தரிப்புச் செலவை மட்டும், கவுண்டரில் எழுதித் தரும்வரை, கைக்காசு என்றே வைத்துத் திட்டமிடுங்கள். ஓசூர் தாண்டினால் அட்டை செல்லுமா என்பதையும் பஸ் ஏறும் முன் போனில் கேட்டுவிடுங்கள்.

மூன்றாம் பகுதியில் எழுதிய தாளை டாக்டர் மேசையில் வையுங்கள். ஓவரி மேலே இருந்தால் முட்டையை வயிற்றின் மேல்புறமாக எடுக்க வேண்டியிருக்கும். கர்ப்பப்பை உள்சுவர்ப் புற்று என்றால் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் ஏறாமலிருக்க லெட்ரோசோல் மாத்திரை சேர்ப்பார்கள்.

7. கர்ப்பப்பை இல்லாதவர்களுக்கு

வாடகைத்தாய் முறை பற்றி நிறையக் கதை சுற்றுகிறது. சட்டம் சொல்வது இது. 2022 விதிகளில், புற்றுநோயால் கர்ப்பப்பை எடுக்கப்பட்டது ஒரு காரணமாகப் பெயர் சொல்லியே இருக்கிறது. மனைவிக்கு 23 முதல் 50, கணவருக்கு 26 முதல் 55 வயது. சுமப்பவர் திருமணமாகி, சொந்தக் குழந்தை உள்ள, 25 முதல் 35 வயதுப் பெண். வாழ்நாளில் ஒருமுறைதான் சுமக்கலாம். தன் முட்டையைத் தரக் கூடாது. பணம் கொடுப்பதும் வாங்குவதும் குற்றம். மருத்துவச் செலவும் 36 மாதக் காப்பீடும் மட்டும் உங்கள் பொறுப்பு.

வரிசை: மாவட்ட மருத்துவக் குழுவின் சான்று, மாஜிஸ்திரேட் நீதிமன்ற உத்தரவு, தகுதிச் சான்று, அதன் பிறகே சிகிச்சை. "எல்லாம் நாங்க பாத்துக்கறோம், இவ்வளவு கொடுங்க" என்று எந்தத் தரகர் வந்தாலும் கதவைச் சாத்துங்கள். மாட்டினால் நீங்களும் சேர்ந்துதான் மாட்டுவீர்கள்.

முட்டையும் இல்லை என்றால், தானமாகப் பெற 2024 பிப்ரவரித் திருத்தம் வழிவிட்டது. தம்பதியில் ஒருவருடைய அணு கட்டாயம் வேண்டும், மருத்துவக் குழுவின் சான்றும் வேண்டும்.

8. நாள் தள்ளிப்போன பிறகு

கர்ப்பம் உறுதியானதும் கிராம சுகாதார செவிலியரிடம் சொல்லி, கர்ப்பத்தை அரசுப் பதிவில் ஏற்றும்போது தரும் பிக்மி எண் வாங்குங்கள். பிறப்புச் சான்றிதழுக்கே அது வேண்டும். பதியும்போது "ஏதாவது ஆபரேஷன்?" என்பார்கள். புற்றுநோய் என்று சொல்லத் தயங்கி "கட்டி" என்று மட்டும் சொல்கிறோம். அந்த ஒரு வார்த்தையால் அதிக ஆபத்துள்ள கர்ப்பம் என்ற பட்டியலில் சேராமல் போய்விடுவோம்.

கர்ப்பப்பை வாயில் ஆபரேஷன் ஆனவர்களுக்கு வாய் சீக்கிரம் திறந்து குறைமாதப் பிரசவம் ஆகும் ஆபத்து உண்டு. 16 வாரத்திலிருந்து வாயின் நீளத்தை ஸ்கேனில் பார்க்கச் சொல்லுங்கள். டிராக்கலெக்டமி ஆனவர்களுக்குப் பெரும்பாலும் உள்ளே நிரந்தரத் தையல் இருக்கும், பிரசவம் சிசேரியன்தான். வலி வந்ததும் பக்கத்து நர்ஸிங் ஹோமில் சுகப்பிரசவத்துக்கு முயல விடக் கூடாது. வீட்டில் எல்லோருக்கும் இது தெரிந்திருக்கட்டும், நீங்கள் மயங்கிக் கிடந்தால் யார் சொல்வது?

தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் பச்சிளங்குழந்தைக்குத் தீவிர சிகிச்சைப் பிரிவு உண்டு. வத்தல்மலை, சித்தேரி, அஞ்செட்டிப் பக்கம் இருப்பவர்கள் 28 வாரத்துக்குள் அடிவாரத்து உறவினர் வீட்டுக்கு இறங்கிவிடுங்கள். குறைமாத வலி வந்தால் குழந்தையின் நுரையீரலுக்குப் போடும் ஊசி வேலைசெய்ய ஒரு நாளாவது ஆகும். இரவில் மலை இறங்கும் நேரத்தில் அந்த அவகாசம் போய்விடும்.

இன்னொன்று, ஓவரிக்காரர்களுக்கு. புற்றுநோய் செக்கப்பில் பார்க்கும் ஏ.எஃப்.பி., ஹெச்.சி.ஜி., சி.ஏ. 125 என்ற இரத்த அளவுகள் எல்லாம் கர்ப்பத்தில் தானாகவே ஏறும். புற்றுநோய் செக்கப் என்று பழைய சீட்டைக் காட்டி லேபில் எடுத்து, எண்ணைப் பார்த்து நோய் திரும்பிவிட்டது என்று நானும் ஒரு ராத்திரி முழுக்கத் தூங்காமல் இருந்தேன். கர்ப்பத்தில் எதை எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொன்ன பிறகே எடுங்கள்.

முன்பு எடுத்த கீமோவால் குழந்தைக்கு ஊனம் வருமா, நோய் ஒட்டுமா என்று கேட்பார்கள். இடைவெளி விட்டுக் கருத்தரித்தால் பிறவிக் குறை கூடுவதாகத் தெரியவில்லை. தாய்ப்பாலில் புற்றுநோய் போகாது. இதைக் கணவர் வாயால் வீட்டில் சொல்ல வையுங்கள், நீங்கள் சொன்னால் எடுபடாது.

9. பிரசவத்துக்குப் பிறகு

ஹார்மோன் சிகிச்சையில் கர்ப்பப்பையைக் காப்பாற்றியவர்களிடம், குழந்தை பெற்று முடித்ததும் அதை எடுத்துவிடச் சொல்வார்கள். நோய் திரும்பக்கூடிய இடம் அது. குழந்தை கைக்கு வந்த சந்தோஷத்தில் இதைத் தள்ளிப்போடுகிறார்கள். தேதியைப் பிரசவத்துக்கு முன்பே பேசி வையுங்கள்.

முத்துப்பிள்ளையிலிருந்து கீமோ வரை போனவர்களுக்குப் பிரசவமாகி 6 வாரத்தில் ஹெச்.சி.ஜி. பார்க்க வேண்டும். மற்றவர்களும் கர்ப்பத்தில் நின்றுபோன செக்கப்பை ஏறக்குறைய அப்போதே திரும்பத் தொடங்கலாம். குழந்தைக்கு ஆறாவது வாரத் தடுப்பூசி போடுவதும் அதே சமயம்தான். நான் புதன்கிழமை காலையில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஊசி போட்டு, காய்ச்சல் வருமோ என்று ஒரு நாள் பார்த்து, வெள்ளிக்கிழமை பிள்ளையை அம்மாவிடம் விட்டுவிட்டுச் சேலம் பஸ் ஏறினேன்.